பின்சீட்டில் அக்காவும் தம்பியும்: வட்டவளைக் கானுக்குள் இறங்கிய பிறகு தெரிந்துகொண்டவை

கொட்டகலையிலிருந்து கண்டிக்கு மாதம் ஒரு தடவையாவது போகவேண்டியிருக்கிறது. சின்னவனுக்குக் கிளினிக், முடிந்ததும் அம்மாயி வீடு. அட்டன், வட்டவளை, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று எழுபது கி.மீ. சொச்சம்தான். ஆனால் வளைவும் மழையும் பஸ்களும் சேர்ந்து மூன்று மணித்தியாலத்தை விழுங்கிவிடும். வீட்டுக்காரருக்குக் கொழும்பில் வேலை. ஆகவே வண்டி ஓட்டுவதும் நான், பின்னால் இருக்கும் இரண்டையும் மேய்ப்பதும் நான். மூத்தவளுக்கு ஐந்தரை வயது, சின்னவனுக்கு இரண்டேகால். வண்டி ஒரு வாகன் ஆர்.

நடந்தது இதுதான். காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். குளிர் என்று இருவருக்கும் தடித்த ஜெக்கட் போட்டு, அதற்கு மேலேயே பெல்ட்டை மாட்டினேன். அட்டன் தாண்டியதும் தொடங்கியது, “அம்மா, தம்பி என் கையைத் தொடுறான்.” அடுத்தது கிள்ளல், அதற்கடுத்தது அலறல். வட்டவளைக்கு அந்தப் பக்கம் ஒரு வளைவில் திடீரென்று சத்தம் நின்றது. கண்ணாடியில் பார்த்தால் சின்னவன், பிள்ளைகளுக்கென்று வண்டியில் மாட்டும் அந்தச் சீட்டில் எழுந்து நிற்கிறான். ஜெக்கட்டுக்குள்ளிருந்து தோளை நழுவவிட்டு இரண்டு கையையும் உருவியிருக்கிறான். மிச்சத்தை அக்கா சிவப்புப் பொத்தானை அழுத்திக் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். “அழுதான், பாவமா இருந்திச்சு” என்று பிறகு சொன்னாள். நான் தலையைத் திருப்பினேன். 30 கி.மீ. வேகத்தில்கூட ஒரு வினாடிக்கு வண்டி 8 மீட்டருக்கு மேல் போய்விடும். இரண்டு வினாடிதான் திரும்பியிருப்பேன், இடது முன்சக்கரம் பாதையோரக் கானுக்குள் (வடிகாலுக்குள்) இறங்கிவிட்டது. அந்தப் பக்கம் கான், இந்தப் பக்கமாக இருந்தால் பள்ளம். சின்னவனுக்கு நெற்றியில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான். எனக்குத்தான் கை நடுக்கம் நிற்க அரைமணி ஆனது. தோட்டத்து ஆட்கள் ஆறேழு பேர் வந்து தூக்கி விட்டார்கள். பம்பர், அடித்தட்டு, அலைன்மென்ட் என்று கராஜில் 34,500 ரூபா. கிளினிக் நாளும் போனது. வீட்டுக்காரரிடம் முழுக்கதையைச் சொல்ல எனக்கு இரண்டு கிழமை பிடித்தது.

அந்த இரண்டு கிழமையும் உட்கார்ந்து சீட்டுகளோடு வந்த கையேடு, வண்டியின் கையேடு எல்லாம் வாசித்தேன். பிள்ளைகளைத் திட்டி வந்ததெல்லாம் வீண் என்று அப்போதுதான் விளங்கியது. சண்டையில் பாதி சீட்டை மாட்டியிருந்த விதத்தில் இருந்தது, கால்வாசி வயிற்றுக் குமட்டலில் இருந்தது. மிச்சக் கால்வாசிதான் பிள்ளைகளின் குணம்.

முதலில் சீட்டைப் பற்றி. சின்னவனுடையது விளம்பரம் பார்த்து 22,000 ரூபாவுக்கு வாங்கிய பாவித்த சீட். பஞ்சு புதிதுபோல இருந்தது, மயங்கிவிட்டேன். பாவித்ததை வாங்குவதென்றால் பஞ்சைப் பார்க்காதீர்கள், கவிழ்த்து அடியைப் பாருங்கள். தயாரித்த திகதியும் காலாவதியும் பிளாஸ்டிக்கில் அச்சாகவோ லேபிளிலோ இருக்கும். பெரும்பாலும் 6 முதல் 10 வருடம்தான் ஆயுள். ஐரோப்பிய முறைச் சீட் என்றால் ஆரஞ்சு நிற லேபிள் இருக்கவேண்டும். பழைய ஆர் 44 விதியில் ஒப்புதல் எண் 04 என்று தொடங்குவதுதான் அந்த விதியின் கடைசித் திருத்தம். புதிய விதி ஆர் 129. என்னுடையதில் லேபிள் உரிந்து போயிருந்தது. இந்தச் சீட் முன்பு விபத்தில் மாட்டியதா என்பதை விற்றவர் வாய்ச்சொல்லை நம்பித்தான் அறிய முடியும். லேபிளும் இல்லை, ஆளையும் தெரியாது என்றால் விட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டு வருவதிலும் ஒரு விடயம் பார்க்கவேண்டும். ஆஸ்திரேலியச் சீட்டுகளுக்கு மேல்பட்டி, அதாவது சீட்டின் உச்சியிலிருந்து பின்னுக்கு இழுத்து மாட்டும் பட்டி, கட்டாயம். அதை மாட்டும் கொக்கி உங்கள் வண்டியின் பின்சீட் முதுகில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லியனுப்புங்கள். இல்லையென்றால் அங்கிருந்து வரும் அத்தனை சுமையும் வீண்.

ஐசோஃபிக்ஸ் (பெல்ட் இல்லாமல் சீட்டை வண்டியோடு நேரே கொளுவும் முறை) இருக்கிறதா என்று அறிய கையை விட்டுப் பார்த்தால் போதும். பின்சீட்டில் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் 6 மி.மீ. தடிப்பில் இரண்டு இரும்புக் கம்பி, 28 செ.மீ. இடைவெளியில் இருக்கும். சீட்டின் இரண்டு கொக்கியும் ‘டக்’ என்று விழுந்து, பொத்தான் பச்சை காட்டவேண்டும். அது இல்லாத வண்டி என்றால் வண்டியின் பெல்ட்டால்தான் கட்டவேண்டும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சில பெல்ட்டுகளை முழுவதும் வெளியே இழுத்துவிட்டு விட்டால், திரும்பிப் போகும்போது ‘டிக் டிக் டிக்’ என்று சத்தம் கேட்டு அங்கங்கே பூட்டிக்கொள்ளும். அது நல்லது. சத்தம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் பெல்ட், சடன் பிரேக் போட்டால்தான் பூட்டும். அதற்குச் சீட்டிலேயே பூட்டுப்பிடி இருக்கவேண்டும், அல்லது சீட்டோடு வரும் உலோகக் கிளிப்பைப் பக்கிளுக்குப் பக்கத்தில் போடவேண்டும். முழங்காலை சீட்டுக்குள் ஊன்றி, உடம்புப் பாரத்தைப் போட்டுக்கொண்டு பெல்ட்டை இறுக்குங்கள். பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டினால் 2.5 செ.மீ.க்கு மேல் எந்தப் பக்கமும் அசையக்கூடாது. உச்சியைப் பிடித்து ஆட்டாதீர்கள், அங்கே எந்தச் சீட்டும் கொஞ்சம் ஆடும். என்னுடையது கைப்பிடி அளவுக்கு நகர்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் சின்னவன் சீட்டோடு அக்காவின் மேல் சாய்ந்திருக்கிறான். அவள் தள்ளியிருக்கிறாள். நான் அவளைத் திட்டியிருக்கிறேன்!

இரண்டு சீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் இன்னொரு சிக்கல், இடம். வாகன் ஆர் போன்ற, ஜப்பானின் கெய் வகைச் சின்ன வண்டிக்கு வெளி அகலமே 1.48 மீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. கதவுத் தடிப்பு போக உள்ளே மிஞ்சுவது எவ்வளவு என்று யோசியுங்கள். ஐ-சைஸ் முத்திரை (ஆர் 129 விதியில் வருவது) உள்ள சீட் 44 செ.மீ. அகலத்துக்குள் அடங்கும்படி வடிவமைத்தது. அப்படி இரண்டு என்றால் 88 செ.மீ. இருக்கும். இரண்டும் லேசாகத் தொட்டுக்கொண்டால் பரவாயில்லை, ஒன்று மற்றதை நெருக்கித் தூக்கக்கூடாது. இரண்டையும் மாட்டிய பிறகு ஒவ்வொன்றையும் தனியாக ஆட்டிப் பாருங்கள். பக்கத்துச் சீட் தாங்கிக்கொண்டிருப்பதால் இறுக்கமாக இருப்பதுபோலத் தெரியும். பூஸ்டர், அதாவது வண்டியின் பெல்ட் சரியாகப் பொருந்தும்படி உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை, பாவிக்கும் பெரிய பிள்ளைக்குப் பக்கிள் கைக்கு எட்டவேண்டும். எங்கள் வண்டியில் சின்னவனின் சீட் அடிப்பாகம் அக்காவின் பக்கிள் மேலேயே கிடந்தது. அவள் தினமும் கையை இடுக்கில் நுழைத்துத் தேட, தம்பி அந்தக் கையைக் கடிக்க, புறப்படும் முன்னமே போர். சீட்டை நாலு விரல் கதவுப் பக்கம் தள்ளி மாட்டியதும் அது தீர்ந்தது. ஐசோஃபிக்ஸில் இப்படித் தள்ள முடியாது. ஆகவே வாங்குமுன் கடையிலேயே வண்டிக்குள் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். மறுத்த கடையில் நான் வாங்கவில்லை.

யாரை எந்தப் பக்கம் வைப்பது? நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஆகவே இடது கதவு கரைப் பக்கம். இறக்கி ஏற்ற அதிக நேரம் எடுக்கிற சின்னவன் அங்கே, டிரைவருக்கு மறுபக்கம். அவனைக் கட்டும்போது என் முதுகுக்குப் பின்னால் லொறி போகாது. மூத்தவள் எனக்குப் பின்னால். ஆனால் பக்கத்தில் தம்பியின் சீட் மறிப்பதால் அவள் இடப்பக்கம் நகர்ந்து இறங்க முடியாது, பாதைப் பக்கம்தான் இறங்கவேண்டும். எனவே வலது கதவின் சைல்ட் லொக் எப்போதும் போட்டே இருக்கும். கதவின் விளிம்பில், மூடினால் மறையும் இடத்தில் இருக்கிற சின்ன நெம்பு அது. ஜன்னல் கண்ணாடியின் லொக் என் கதவில் இருக்கிறது. “ஒன்றை முன்சீட்டில் வைத்தால் சண்டையே வராதே” என்று நிறையப் பேர் சொல்வார்கள். பின்பக்கம் பார்க்கும் சீட்டை, அதாவது பிள்ளையின் முகம் வண்டியின் பின்புறத்தை நோக்கும் சீட்டை, எயார்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் வைக்கவே கூடாது. பை வெடித்து விரிந்தால் அது பிள்ளையின் தலைப்பக்கத்துச் சீட் முதுகைத்தான் அறையும்.

சின்னவனை மறுபடியும் பின்பக்கம் பார்க்க வைத்தேன். இதுதான் நான் செய்ததிலேயே பெரிய மாற்றம். ஆர் 129 விதிப்படி 15 மாதம் தாண்டும்வரை பின்பக்கம் பார்ப்பது கட்டாயம். அந்த வயதோடு நிறுத்திவிட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. 105 செ.மீ. உயரம் வரை பின்பக்கம் பார்க்க வைக்கும் சீட்டுகள் இருக்கின்றன. சின்னப் பிள்ளைக்குத் தலை பாரம், கழுத்து இளசு. நேருக்கு நேர் மோதினால் சீட்டின் முதுகு முழுவதும் சேர்ந்து தாங்கும். கால் மடங்கியிருக்கிறதே என்று பெரியவர்கள் கவலைப்படுவார்கள். பிள்ளைகள் சம்மணம் போட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். சண்டைக்கும் இது மருந்து. பின்பக்கம் பார்க்கும் பிள்ளையின் தலை வண்டியின் முன்புறம் இருக்கும், அக்காவின் தலை பின்புறம். முகத்துக்கு முகம் கை எட்டாது. அவன் பாதம் மட்டும் அவள் முழங்கைக்குப் பக்கத்தில் வருகிறது. ஆகவே எங்கள் வீட்டுச் சண்டை இப்போது சப்பாத்துக் கழற்றுவதாகச் சுருங்கிவிட்டது. ஏறியதுமே நானே சப்பாத்தைக் கழற்றி முன்னால் போட்டுவிடுகிறேன். இடது முன்சீட்டை நன்றாக முன்னுக்குத் தள்ளவேண்டும். அங்கே ஒரு பெரிய ஆள் உட்காரமுடியாது என்பது உண்மையான குறை.

அந்தச் சீட் 78,000, மூத்தவளுக்கு முதுகுள்ள பூஸ்டர் 37,000. மொத்தம் 115,000 ரூபா, ஒரு சேமிப்புச் சீட்டுக்காசு எடுத்துத்தான் கட்டினேன். முதுகில்லாத வெறும் பூஸ்டர் மலிவு. ஆனால் மலைப்பாதையில் பிள்ளை தூங்கினால் வளைவுக்கு வளைவு தலை தொங்கிப் பக்கத்தில் விழும், பெல்ட்டும் தோளிலிருந்து விலகும். முதுகுள்ளதில் இரண்டு பக்கமும் காது மாதிரி இருப்பதால் தலை நிற்கும். அந்தக் காதே இரண்டு பேருக்கும் நடுவில் வேலியாகவும் இருக்கும். இதற்கென்று நடுவில் தலையணை, பலகை எல்லாம் செருகாதீர்கள். பூஸ்டரில் மடிப்பட்டி வயிற்றில் அல்ல, தொடையைத் தொட்டுக்கொண்டு இடுப்பெலும்பில் கிடக்கவேண்டும். தோள்பட்டி காறை எலும்பின் நடுவில் போகவேண்டும், கக்கத்துக்குக் கீழே போகக்கூடாது. பூஸ்டருக்கு மூன்று முனைப் பெல்ட் கட்டாயம். மடிப்பட்டி மட்டும் உள்ள பழைய வண்டி என்றால் பூஸ்டர் பொருந்தாது. பிள்ளை இல்லாத நாளிலும் பூஸ்டரைப் பெல்ட்டால் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் மோதும்போது அது தனியாகப் பறக்கும்.

ஜெக்கட் விடயம் நுவரெலியா, லிந்துலை, கொட்டகலைப் பக்கத்துக்காரர் எல்லாரும் செய்கிற பிழை. தடித்த ஜெக்கட்டுக்கு மேல் சீட்டின் வாரை இறுக்கினால் இறுக்கமாகத்தான் தெரியும். மோதும்போது பஞ்சு அமுங்கி வார் தளர்ந்துவிடும். வீட்டிலேயே சோதிக்கலாம்: ஜெக்கட்டோடு கட்டி இறுக்கிவிட்டு, வாரின் நீளத்தை மாற்றாமல் கழற்றி, ஜெக்கட் இல்லாமல் மறுபடி கட்டிப்பாருங்கள். எனக்கு ஒரு முழு உள்ளங்கை உள்ளே போனது. மெல்லிய சுவெட்டரோடு கட்டிவிட்டு, ஜெக்கட்டை முன்பக்கமிருந்து திருப்பி மாட்டிவிடலாம், போர்வையும் போர்த்தலாம். தோளருகில் வாரை விரலால் நெடுக்குவாக்கில் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு அகப்பட்டால் இன்னும் இறுக்கவேண்டும். பின்பக்கம் பார்த்தால் வார் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழோ கிளம்பவேண்டும். முன்பக்கம் பார்த்தால் தோள் மட்டத்திலோ சற்று மேலோ. இந்த ஒன்று சரியானதுமே சின்னவனால் கையை உருவ முடியவில்லை. இரண்டு பயணம் அழுதான், மூன்றாவதில் மறந்துவிட்டான்.

சிவப்புப் பொத்தான் வேறு கதை. ஐரோப்பிய முறைப் பக்கிளைத் திறக்க 4 முதல் 8 கிலோ பாரத்துக்குச் சமமான அழுத்தம் வேண்டும். இரண்டு வயதுக்காரனால் முடியாது, ஐந்து வயதுக்காரி இரண்டு கட்டைவிரலால் அழுத்துவாள். பக்கிளை மூடும் கவர் விற்கிறார்கள். நான் போடவில்லை. விபத்தில் உதவிக்கு ஓடி வருகிறவருக்கு அதைத் திறக்கத் தெரியாது. அதற்குப் பதிலாக அக்காவுக்கு ஒரு பதவி கொடுத்தேன். “தம்பிட பெல்ட் போட்டாச்சா, பாத்து சொல்லு” என்பது அவள் வேலை. அவள் சொன்ன பிறகுதான் சாவியைத் திருப்புவேன். யார் கழற்றினாலும் வண்டி நிற்கும், ஒரு வார்த்தை பேசாமல் நிற்கும். முதல் தடவை போனபோது கினிகத்தேனைக்குள் நாலு தடவை நின்றோம். அடுத்த தடவை ஒன்று. காலியாக இருக்கும் பெல்ட்டையும் பூட்டி வையுங்கள். இழுத்து விளையாடிக் கழுத்தில் சுற்றிக்கொண்டால், ‘டிக் டிக்’ வகை பெல்ட் இறுகிக்கொண்டே போகும், தளராது.

நிற்பதென்றால் எங்கே? இந்தப் பாதைகளில் ஓரமே கிடையாது. வளைவிலும் பனிமூட்டத்திலும் நின்றால் பின்னால் வரும் பஸ்ஸுக்குத் தெரியாது. நான் என் பாதையில் நிற்கக்கூடிய இடங்களை மனதில் குறித்து வைத்திருக்கிறேன். கொழுந்து மடுவத்து முன்வெளி, தோட்டத்துக்குப் பிரியும் வாய், கோயில் முற்றம், தேத்தண்ணிக் கடை. ஏழெட்டுக் கி.மீ.க்கு ஒன்று அகப்படும். அதுவரை அலறினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெல்ட் இறுக்கமாக இருக்கிறது என்று தெரிந்தால் அலறலைத் தாங்கலாம்.

குமட்டலைச் சண்டை என்று நினைத்து நான் பல மாதம் ஏமாந்திருக்கிறேன். இரண்டு வயதுக்குக் கீழே பயணக் குமட்டல் குறைவு, அதற்குமேல் பன்னிரண்டு வரை அதிகம். முதலில் சிணுங்கல், கொட்டாவி, முகம் வெளிறல், பிறகு பக்கத்தில் இருப்பவன் மேல் எரிச்சல், கடைசியில் வாந்தி. அக்கா சிணுங்கத் தொடங்கினால் இப்போது நான் “என்ன சண்டை?” என்று கேட்பதில்லை, ஜன்னலைக் கொஞ்சம் இறக்குகிறேன். வளைவுப் பாதையில் ஃபோன் கொடுப்பது நெருப்பில் எண்ணெய். கண் அசையாத படத்தைப் பார்க்கிறது, காதுக்குள் உடம்பு சுழல்வது தெரிகிறது, இரண்டும் மோதித்தான் குமட்டல். ஃபோன் நாவலப்பிட்டி தாண்டிய பிறகுதான். புறப்படுமுன் பால் வேண்டாம், இரண்டு கிரீம் கிரக்கர் போதும். வாந்திக்கு சொப்பிங் பேக் கொடுக்காதீர்கள், சின்னதின் முகத்தில் ஒட்டிக்கொண்டால் ஆபத்து. மூடியுள்ள ஒரு லீற்றர் ஐஸ்கிரீம் டப்பாதான் இதற்குப் பொருத்தம். வாந்தி வாரில் பட்டால் மெஷினில் போடவோ ஊறவைக்கவோ வேண்டாம், நார் பழுதாகும். வெதுவெதுத் தண்ணீரில் லேசான சவர்க்காரம் தொட்டுத் துடைத்து நிழலில் காயவிடுங்கள். பக்கிளுக்குள் பிஸ்கட் துகளோ டொபியோ போனால் பூட்டாமலே பூட்டியதுபோல நிற்கும். ‘டக்’ கேட்ட பிறகும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

பங்குச் சண்டைக்கு ஒரே வழி, பங்கே இல்லாமல் செய்வது. ஆளுக்கொரு தண்ணிப் போத்தல், ஆளுக்கொரு பிஸ்கட் டப்பா, இரண்டும் ஒரே நிறம். விளையாட்டுச் சாமான் துணியில் மட்டும். இரும்பு டிஃபின், பிளாஸ்க், குடை எல்லாம் சீட்டின் காலடியில் அல்லது டிக்கியில். 50 கி.மீ. வேகத்தில் மோதினால் ஒரு கிலோச் சாமான்கூடத் தன் பாரத்தைப்போலப் பல மடங்காக அடிக்கும். ஜன்னல் சண்டை தீரவே தீராது. தலவாக்கலைப் பக்கம் போனால் டெவன் நீர்வீழ்ச்சி ஒரு பக்கத்து ஜன்னலுக்குத்தான். போகும்போது ஒருவருக்கு, வரும்போது மற்றவருக்கு என்று சொல்லிவிட்டேன். வரும்போது இருட்டிவிடுகிறது என்று மூத்தவள் கண்டுபிடித்த நாளிலிருந்து அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

பெரியவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். “புள்ளைய ஏன் கட்டிப்போடுற, குடு, மடியில வச்சிக்கிறேன்” என்பார் அம்மா. 12 கிலோப் பிள்ளை, 40 கி.மீ. வேகம், பத்தில் ஒரு வினாடியில் வண்டி நின்றால் கையில் விழும் பாரம் 130 கிலோவுக்கு மேல். “இரண்டு மூட்டை சீமெந்தைவிட அதிகம்மா” என்று சொன்ன பிறகுதான் அவர் கேட்பதை நிறுத்தினார்.

கானுக்குள் இறங்கியதற்காகச் சீட்டை மாற்றவேண்டுமா என்றும் தேடினேன். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் ஐந்து விடயம் சொல்கிறது: வண்டி தானாக ஓடிப் போகக்கூடியதாக இருக்கவேண்டும், சீட்டுக்குப் பக்கத்துக் கதவு நசுங்கியிருக்கக்கூடாது, யாருக்கும் காயம் இருக்கக்கூடாது, எயார்பேக் விரிந்திருக்கக்கூடாது, சீட்டில் கண்ணுக்குத் தெரியும் சேதம் இருக்கக்கூடாது. ஐந்தும் சரி என்றால் மாற்றத் தேவையில்லை. ஆனால் சீட்டின் கையேடு மாற்று என்று சொன்னால் அதைத்தான் கேட்கவேண்டும். எங்களுக்கு நெற்றிப் புடைப்பு இருந்ததே.

பழைய சீட்டின் வார் எல்லாவற்றையும் கத்தரிக்கோலால் வெட்டி, முதுகில் மார்க்கரால் ‘பாவிக்க வேண்டாம்’ என்று எழுதிக் குப்பை வண்டிக்குப் போட்டேன். மேல்வீட்டு அக்கா வந்து, “புதுசு மாதிரி இருக்கே, என் தங்கச்சி வேனுக்குக் குடுத்திருக்கலாமே” என்று கேட்டார். உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்து, லேபிள் இல்லாத அந்த இடத்தைக் காட்டினேன். போகும்போது அந்தத் தங்கச்சியின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அவருக்கும் இரண்டு பிள்ளைகள்தானாம்.